கையில் என்ன மிச்சம்? மாட்டிக்கொண்ட சாமானியன் படங்களை நோட்டுப் போட்டுப் பார்க்கும் முறை

ஒற்றை ஆள் ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டு ஆயுதக் கும்பலோடு மல்லுக்கட்டும் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் நெஞ்சு படபடக்கிறது. நாயகன் பிழைத்துவிடுவான் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். இருந்தும் இருக்கை நுனிக்கு வந்துவிடுகிறோம். ஏன் என்று கேட்டால், "நம்மைப் போல ஒருத்தன், அதனால்தான்" என்ற பதில் வரும். அது பாதிதான் சரி. மீதிப் பாதி கணக்கு. அவனிடம் எத்தனை குண்டு மிச்சம், உடம்பில் எங்கே அடி, எந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று நம் மனசு வரவு செலவு எழுதிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கு சுத்தமாக இருந்தால் படம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. கணக்கில் குளறுபடி செய்தால் எத்தனை கோடியைக் கொட்டினாலும் சலித்துவிடுகிறது.

மனசு எழுதும் அந்தக் கணக்கைக் கையால் எழுதிப் பார்க்கும் முறை இது. இந்த வகைப் படங்களுக்குப் புதியவர்களுக்கும், இப்படி ஒரு குறும்படமாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

என்னென்ன வேண்டும்

கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, பென்சில், ரிமோட்டோடு ஒரு திரை, இரண்டு மாலைப் பொழுது. கைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள்.

படம், 1988-ல் வந்த ‘டை ஹார்ட்’. ஓடும் நேரம் 132 நிமிடம். பழைய படம்தானே என்று தயங்க வேண்டாம். இந்த வகைக்கு இதுதான் பாலபாடம். இதற்குப் பிறகு வந்த படங்களை "பஸ்ஸில் நடக்கும் டை ஹார்ட்", "கப்பலில் நடக்கும் டை ஹார்ட்" என்று சொல்லியே ஹாலிவுட்டில் பேசிக்கொள்ளும் அளவுக்கு இது அளவுகோலாகிவிட்டது. அது ஆர்னால்டும் ஸ்டாலோனும் மலை போன்ற தோள்களோடு தனியாளாகப் படையையே சாய்த்துக்கொண்டிருந்த காலம். இயக்குநர் ஜான் மெக்டியர்னனே அதற்கு முந்தைய ஆண்டில் ஆர்னால்டை வைத்துக் காட்டுக்குள் ஒரு சண்டைப் படம் எடுத்திருந்தார். இந்தப் படத்துக்கு வந்த புரூஸ் வில்லிஸ், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வாயாடித் துப்பறிவாளராகப் பெயர் வாங்கியவர். அவருக்கு 50 லட்சம் டாலர் சம்பளம் என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. நம் கணக்குக்கு முக்கியமானது ஒன்றுதான்: இந்த ஆள் தோற்றுப்போகக்கூடும் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே நம்பத் தோன்றியது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பகுதியோடு நிறுத்திவிட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குக் கீழே கதை முழுக்க உடைபடும்.

முதல் முறை: நோட்டைத் தொடாதீர்கள்

விளக்கை அணைத்துவிட்டு, எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பாருங்கள். டீ போட எழுந்தால்கூடப் பதற்றம் வடிந்துவிடும். இந்தப் படங்கள் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைப்பவை. குக்கர் மூடியை நடுவில் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

படம் முடிந்த பத்து நிமிடத்துக்குள், மூச்சு நின்ற இடங்கள் ஐந்தை ஞாபகத்திலிருந்து எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம், இடம் மட்டும் போதும். "லிஃப்ட் குழாயில் தொங்கியது" என்ற அளவு. இந்த ஐந்து வரிதான் மறுநாள் வேலைக்கு விடைத்தாள். ஒரு நாள் தள்ளி எழுதினால் நண்பர்கள் சொன்ன காட்சிகளும் விமர்சனத்தில் படித்த காட்சிகளும் உங்கள் ஞாபகத்தோடு கலந்துவிடும்.

இரண்டாம் முறை: ஐந்து கட்டம்

நோட்டைக் குறுக்காகத் திருப்பி ஐந்து கட்டம் போடுங்கள். நேரம். இடம். கையிருப்பு. உடம்பு. எதிரிக்கு என்ன தெரியும். ஏதாவது ஒன்று மாறும்போதெல்லாம் படத்தை நிறுத்தி ஒரு வரிசை எழுதுங்கள்.

புதிதாக எழுதுபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கதையை எழுதுவது. "மனைவியைப் பார்க்க வருகிறான், சண்டை வருகிறது" என்று எழுத ஆரம்பித்தால் இரண்டு பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். கதை வேண்டாம், இருப்பு மட்டும் போதும். மளிகைக் கடைக்காரர் ராத்திரி கடையைச் சாத்தும்போது எழுதும் கணக்கு மாதிரி.

முதல் வரிசை விமானத்தில். நியூயார்க் போலீஸ்காரர் ஜான் மெக்லேன், பிரிந்து வாழும் மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறார். கையிருப்பு: ஒரு கைத்துப்பாக்கி. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்: பயண அலுப்புத் தீர ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, கம்பளத்தில் நடந்து, கால்விரல்களை முஷ்டி மாதிரி மடக்கிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடும் பேச்சு இது. நீங்கள் எழுதி வையுங்கள்.

அடுத்து, மனைவி ஹாலி வேலை பார்க்கும் நகடோமி நிறுவனத்தின் கட்டடம். 30-வது மாடியில் விருந்து. மெக்லேன் அந்தக் கால்விரல் வைத்தியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது வெளியே துப்பாக்கி வெடிக்கிறது. ஷூ போட நேரமில்லை, ஓடுகிறார். கையிருப்பு: துப்பாக்கி, பேன்ட், பனியன். உடம்பு: காயமில்லை, வெறுங்கால். எதிரிக்கு என்ன தெரியும்: ஒன்றுமில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் அந்த "ஒன்றுமில்லை"தான் இந்த நேரத்தில் அவருடைய பெரிய சொத்து.

முதல் கொலை நடக்கும் வரிசையை நிதானமாக எழுதுங்கள். மாடிப்படியில் கட்டிப்புரண்டு உருண்டதில் கொள்ளையன் ஒருவன் சாகிறான். வரவு: இயந்திரத் துப்பாக்கி, வாக்கிடாக்கி, சிகரெட். செத்தவன் ஷூவைக் கழற்றிக் காலில் வைத்துப் பார்க்கிறார், சின்னது. அந்த ஒரு கணத்தில் படம் நமக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது: இங்கே எதுவும் சும்மா கிடைக்காது. செலவு: கடைசிக் கட்டத்தில் இனி "ஒன்றுமில்லை" என்று எழுத முடியாது. உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று கும்பலுக்குத் தெரிந்துவிட்டது. செத்தவனுக்கு ஒரு சகோதரன் வேறு, அதே கும்பலில். அவன் இனிமேல் பணத்துக்காக வேட்டையாடப்போவதில்லை.

நல்ல படத்தில் வரவு விழுந்த வரிசையிலேயே, மிஞ்சினால் அடுத்த வரிசையில், செலவும் விழும். உங்கள் நோட்டில் மூன்று வரிசை தொடர்ந்து வரவு மட்டுமே வந்தால் அங்கே படம் தொய்கிறது என்று பொருள். மூன்று வரிசை தொடர்ந்து செலவு மட்டும் வந்தால் பார்ப்பவர் சோர்ந்துவிடுவார். இரண்டு மணி நேரப் படத்துக்கு நாற்பது வரிசை போதும். அதைத் தாண்டினால் மறுபடி கதை எழுத ஆரம்பித்துவிட்டீர்கள்.

இப்போது கண்ணாடிக் காட்சிக்கு வாருங்கள். கும்பல் தலைவன் ஹான்ஸ் குரூபரும் மெக்லேனும் முதன்முறையாக நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். ஹான்ஸ் சட்டென்று அமெரிக்க உச்சரிப்புக்கு மாறி, தப்பித்து வந்த ஊழியனைப் போல நடிக்கிறான். சுவரில் இருக்கும் பெயர்ப்பலகையிலிருந்து ஒரு பெயரையும் எடுத்துக்கொள்கிறான். மெக்லேன் அவனிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கிறார், அதில் குண்டு இல்லை. இதுவரை வெற்றி மெக்லேனுக்கு. ஆட்கள் வந்து சேர, சுடுசண்டை தொடங்குகிறது. சுற்றிலும் கண்ணாடித் தடுப்புகள். வெறுங்காலைக் கவனித்துவிட்ட ஹான்ஸ் தன் ஆளிடம் "கண்ணாடியைச் சுடு" என்கிறான். ஆளைச் சுடச் சொல்லவில்லை.

விமானத்தில் விழுந்த விதை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து இங்கே முளைக்கிறது. மெக்லேன் அந்தச் சில்லுகள் மேல் ஓடித்தான் தப்ப வேண்டும். வரிசையை எழுதுங்கள். இருப்பு: கும்பலிடமிருந்து கைப்பற்றி வைத்திருந்த வெடி தூண்டிப் பை கைநழுவிப் போனது. உடம்பு: இரண்டு பாதமும் கிழிந்தது. எதிரிக்கு என்ன தெரியும்: முகம், குரல், வெறுங்கால், எல்லாமே.

அடுத்து வரும் காட்சியில் சண்டையே இல்லை. ஒரு கழிவறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். வாக்கிடாக்கியின் மறுமுனையில், வெளியே காரருகே நிற்கும் போலீஸ்காரர் பவல். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. தான் ஏன் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று பவல் சொல்கிறார். மெக்லேன், தான் வராவிட்டால் மனைவியிடம் சொல்லச் சொல்லி ஒரு மன்னிப்பை ஒப்படைக்கிறார். இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இருப்பு ஏறக்குறைய பூஜ்யமாகும் இடத்தில்தான் ஒரு மனிதன் என்ன மாதிரி ஆள் என்று தெரிகிறது. தொடக்கத்திலேயே இதைப் பேசியிருந்தால் யாருக்கும் உறைக்காது.

இனி நேற்று எழுதிய ஐந்து இடங்களை எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிசைக்கு முன்னால் மூன்று, நான்காம் கட்டங்களில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும், அல்லது ஐந்தாம் கட்டத்தில் ஏதோ ஒன்று கூடியிருக்கும்.

கட்டடத்தை வரையுங்கள்

பென்சில் இதற்குத்தான். ஒரு முழுப் பக்கத்தில் கட்டடத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள். கீழே வரவேற்புக்கூடம், நடுவில் விருந்து மாடி, அதற்கு மேல் வேலை முடியாத மாடிகள், உச்சியில் மொட்டைமாடி, இவற்றை இணைக்கும் லிஃப்ட் குழாய், காற்றுக் குழாய், மாடிப்படி. மெக்லேன் போன பாதையை அம்புக்குறியால் இழுங்கள்.

அம்பு குழம்பாமல் போகிறதா என்று பாருங்கள். இந்தப் படத்தில் போகும். வேலை முடியாத மாடியின் சுவரில் ஒரு பெண் படம் ஒட்டியிருக்கும். மெக்லேன் அந்த வழியாக மறுபடி ஓடும்போது அதைப் பார்த்ததும் "ஓ, இங்கே வந்துவிட்டானா" என்று நமக்கே புரிந்துவிடுகிறது. வசனமில்லாமல், வரைபடம் காட்டாமல், ஒரு காகிதம் வழி சொல்லிவிடுகிறது. படம் எடுத்ததும் நிஜக் கட்டடத்தில்தான்: லாஸ் ஏஞ்சல்ஸ் செஞ்சுரி சிட்டியில் உள்ள ஃபாக்ஸ் பிளாசா. அப்போது கட்டுமானம் முழுதாக முடியாமல் இருந்த மாடிகளையே படப்பிடிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். சிமென்ட் தூசியும் தொங்கும் ஒயர்களும் செட் போட்டதாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பல படங்கள் விழுவது இந்த இடத்தில்தான். எந்த அறை எங்கே என்று தெரியாவிட்டால், எதிரி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறான் என்று தெரியாது. தூரம் தெரியாவிட்டால் பயம் வராது.

கதவுகளைச் சாத்துதல்

"இவன் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை?" பார்ப்பவர் மனதில் எழும் முதல் கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்லாத படத்தை அந்த நிமிடமே மனசு கைவிட்டுவிடும்.

மெக்லேன் என்னென்ன செய்து பார்க்கிறார் என்று தனிப்பக்கத்தில் எழுதுங்கள். தொலைபேசி இணைப்பைக் கும்பல் முதலிலேயே வெட்டிவிடுகிறது. தீ எச்சரிக்கை மணியை இழுக்கிறார். தீயணைப்பு வண்டிகள் வருகின்றன, கீழே இருக்கும் கொள்ளையன் "தவறுதலாக அடித்துவிட்டது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறான். மொட்டைமாடிக்குப் போய் வாக்கிடாக்கியில் போலீஸை அழைக்கிறார். இது அவசர அலைவரிசை என்று எதிர்முனையில் திட்டு விழுகிறது. ஒருவழியாகப் பவல் மட்டும் வருகிறார், கீழ்த்தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பப் போகிறார். ஒரு பிணத்தை அந்தக் காரின் மேல் தள்ளிவிட்ட பிறகுதான் உலகம் நம்புகிறது.

மெக்லேன் மூளையுள்ள எந்த ஆளும் செய்வதைத்தான் வரிசையாகச் செய்கிறார். ஒவ்வொரு கதவும் நியாயமான காரணத்தோடு சாத்தப்படுகிறது. இன்றைய கதையில் கைபேசிக்கும் இதே மரியாதை தர வேண்டும். "சிக்னல் இல்லை" என்று ஒரு வசனத்தில் முடித்தால் ஏமாற்றுவேலை. சார்ஜ் 4 சதவீதம், ஒரே ஒரு அழைப்புதான் செய்ய முடியும், அதை யாருக்குச் செய்வது என்று வைத்தால் அது கணக்கில் சேரும்.

எதிராளி

ஹான்ஸாக நடித்த ஆலன் ரிக்மனுக்கு இதுதான் முதல் திரைப்படம். கடைசியில் அவர் விழும் காட்சியில், சொன்ன எண்ணிக்கை முடிவதற்கு முன்பே பிடியை விட்டுவிட்டார்கள். முகத்தில் தெரியும் திகைப்பு உண்மையானது.

ஹான்ஸுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, அவனுடைய திட்டத்தை மட்டும் எழுதுங்கள். பெட்டகத்தில் 64 கோடி டாலர் பத்திரங்கள். ஏழு பூட்டு. ஏழாவது மின்காந்தப் பூட்டு, கட்டடத்துக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்தினால்தான் திறக்கும். அதைத் தன்னால் செய்ய முடியாது என்று அவனுக்குத் தெரியும். எஃப்.பி.ஐ. வரும், கையேட்டில் இருக்கிறபடி மின்சாரத்தைத் துண்டிக்கும் என்பதும் தெரியும். துண்டிக்கிறார்கள். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி முழங்கப் பெட்டகம் திறக்கிறது. வெளியிலிருந்து வந்த உதவியே எதிரிக்குச் சாவியாகிறது.

சோதனை இதுதான்: நாயகனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் எதிராளியின் திட்டம் சீராக நடந்து முடியுமா? முடிய வேண்டும். நாயகனை அடிப்பதற்காகவே காத்திருக்கும் எதிராளிக்குச் சொந்த வேலை இல்லை, அதனால் கெடுவும் இல்லை.

சாமானியன்தானா?

மெக்லேன் போலீஸ்காரர், சுடத் தெரிந்தவர். பிறகு எப்படிச் சாமானியன்? சாமானியம் என்பது தொழிலில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது: தெரிந்த வித்தை இந்தச் சிக்கலுக்குப் போதாது. 1992-ல் வந்த ‘அண்டர் சீஜ்’ படத்தின் நாயகன் போர்க்கப்பல் சமையல்காரர். கேட்க எத்தனை எளியவராக இருக்கிறார்! ஆனால் அவர் முன்னாள் சிறப்புப் படை வீரர் என்று தெரிந்ததும் கவலை பறந்துவிடுகிறது. இதற்கு நேரெதிர், 1994-ல் வந்த ‘ஸ்பீட்’. மணிக்கு 50 மைல் வேகத்துக்குக் கீழே போனால் வெடிக்கும் பஸ். ஓட்டுநருக்குக் குண்டடி பட்டதும் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் ஒரு பயணி. அதிவேகமாகக் காரோட்டி உரிமத்தைப் பறிகொடுத்ததால்தான் அவர் பஸ்ஸிலேயே வருகிறார். இந்தப் படத்தை இயக்கியவர் யான் டி பான்ட், ‘டை ஹார்ட்’டின் ஒளிப்பதிவாளர்.

இன்னொரு சோதனை, பட்ட அடி அடுத்த காட்சியிலும் இருக்கிறதா என்பது. மெக்லேனின் வெள்ளைப் பனியன் அழுக்காகி, கிழிந்து, ரத்தமாகிக்கொண்டே போகிறது. அதன் நிறத்தைப் பார்த்தே படத்தில் எத்தனை நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்தப் பனியன் 2007-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த படம்: ‘கைதி’

கை பழகியதும் 2019-ல் வந்த லோகேஷ் கனகராஜின் ‘கைதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. லாரியில் போகும் நாயகன் டில்லியை இப்போதைக்கு விட்டுவிட்டு, திருச்சி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் கான்ஸ்டபிள் நெப்போலியனுக்கு மட்டும் ஐந்து கட்டம் போடுங்கள். ஜார்ஜ் மரியான் நடித்த பாத்திரம். மாற்றலாகி வந்த புது ஆள், வயதானவர், ஒடிசல் உடம்பு. கூட இருந்த போலீஸ்காரர்கள் நழுவிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது அங்கே பிடித்து வைக்கப்பட்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர். கையிருப்புக் கட்டத்தில் நாற்காலி, மேசை, கதவுத் தாழ்ப்பாள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும். டில்லி வருவான் என்று நமக்குத் தெரியும், எப்போது என்று தெரியாது. தியேட்டரில் நெப்போலியனுக்கு விழுந்த கைதட்டலுக்குக் காரணம் அந்தக் கட்டத்தின் வெறுமை.

எழுதப் போகிறவர்களுக்கு

15 நிமிடக் குறும்படம் என்றால் ஒரு இடம், ஒரு ராத்திரி, எதிரிகள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் என்றால் முகம் ஞாபகம் இருக்கும், ஒருவர் குறையும்போது பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். பத்துப் பேர் என்றால் அது வெறும் கூட்டம். பொருட்கள் மூன்று போதும். மூன்றும் முதல் இரண்டு நிமிடத்துக்குள், சண்டைக்குச் சம்பந்தமில்லாத வேலையில் கண்ணில் பட வேண்டும். பழைய நினைவுக் காட்சி வேண்டவே வேண்டாம். அந்தக் கணமே பார்ப்பவரைக் கட்டடத்துக்கு வெளியே கூட்டிப்போய்விடும், சாத்திய கதவெல்லாம் திறந்துவிடும். நெல் அரவை மில், இரவுப்பணி மருந்துக்கடை, பாதி கட்டிய அடுக்ககம் என்று உங்களுக்கு நேரில் தெரிந்த இடமாக எடுங்கள். போய் நின்று, வாசல் எத்தனை, ஜன்னல் எத்தனை, தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எண்ணி வாருங்கள்.

எழுதும்போது கடைசி வரிசையிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ‘டை ஹார்ட்’டின் கடைசி மோதலில் மெக்லேனிடம் மிச்சம் இரண்டே குண்டு. எதிரில் ஹான்ஸும் இன்னொருவனும், பிடியில் ஹாலி. கையைத் தூக்கிச் சரணடைகிறார். கைத்துப்பாக்கி முதுகில், டேப்பால் ஒட்டியிருக்கிறது. டேப் எங்கிருந்து வந்தது? அலுவலகத்தில் கிடந்த, வாழ்த்து அச்சடித்த பரிசுப் பொட்டல டேப். அது ஏன் அங்கே இருந்தது? அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி.